யாரும் உட்காராத காருக்குள் கண்ணாடி வியர்ப்பது ஏன்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ராத்திரி பூட்டிவிட்டுப் போன காரைக் காலையில் திறந்தால் எல்லாக் கண்ணாடியிலும் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது. முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. துணியால் துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கிவிடுகிறது. டேஷ்போர்டு மேல் இரண்டு சிலிக்கா ஜெல் பைகளை வைத்துப் பார்த்தும் மாற்றம் இல்லை. எந்த ஸ்ப்ரே அடித்தால் இது நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஸ்ப்ரேயைப் பற்றியது என்றாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். யாரும் உட்காராத, யாரும் மூச்சு விடாத வண்டிக்குள் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஸ்ப்ரேக்கு வேலை இருக்காது.

கார் ஏசி வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏசியில் கோளாறு என்று நினைத்துத்தான் வருகிறார்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர் நிற்கும். அதனால் கண்ணாடியை விட்டுவிட்டுக் கீழே இருந்து ஆரம்பிப்பதே என் வழக்கம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் அது 17 கிராமாகவும், 10 டிகிரியில் 9 கிராமாகவும் குறைந்துவிடும். மிச்சம் எங்கே குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே நீராகப் படியும். காரில் அந்த இடம் கண்ணாடிதான். அதிலும் திறந்த வானத்தின் கீழ் நிற்கும் காரின் கண்ணாடி, தெளிந்த இரவில் சுற்றியுள்ள காற்றைவிடவே குளிர்ந்துவிடும். கூரைக்குக் கீழே நிறுத்திய வண்டியில் ஆவி குறைவாகப் படிவதற்கு அதுவே காரணம். சாதாரணக் காருக்குள் 3 கன மீட்டர் அளவுக்குக் காற்று இருக்கும். அது 30 டிகிரியில் முழு ஈரத்தோடு இருந்து 20 டிகிரிக்குக் குளிர்ந்தால்கூட வெளியே வருவது 40 கிராம் தண்ணீர், அதாவது எட்டு டீஸ்பூன். மழைக்காலத்தில் ஒரு காலை லேசாக மங்கியிருந்தால் காற்றில் இருந்த ஈரமே அதற்குப் போதும், பயப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் தினமும் துடைத்து எடுத்து, தினமும் மறுபடி சொட்டுகிறது என்றால் அதைக் காற்றின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. உள்ளே எங்கோ தண்ணீர் தேங்கி, இரவெல்லாம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

ஓடும்போது மங்குவதும் நிற்கும்போது மங்குவதும் வேறு வேறு கதை. ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் மணிக்கு 40, 50 கிராம் தண்ணீரை வெளியே விடுகிறார். நான்கு பேர் நனைந்த குடையோடு ஏறி, ஜன்னலை ஏற்றிவிட்டு, காற்று உள்ளேயே சுற்றும் ரீசர்குலேஷனில் போனால் கண்ணாடி மங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது பழுது இல்லை. அந்தப் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விட்டு, ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் சில நிமிடங்களில் தெளியும். குளிராக இருந்தால் ஏசியை அணைக்காதீர்கள், வெப்பத்தைக் கூட்டுங்கள். ஏசியின் கூலிங் காயில் காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்துக் கீழே சொட்டவிடும், ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் வேகமாக வேலை நடக்கும். வெளியே உறைநிலையை நெருங்கும் குளிரில் மட்டும் பல கார்களில் ஏசியின் கம்ப்ரஸர் ஓடாது, அப்போது ஹீட்டரையும் வெளிக்காற்றையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைப் பார்த்துக் குழம்பிப்போகிறார்கள். மழையில் ஏசி போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், கண்ணாடி தெளிவாக இருக்கிறது. குளிர்கிறதே என்று ஏசியை அணைத்து, காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயரை மட்டும் ஓடவிடுகிறீர்கள். அரை நிமிடத்தில் முன் கண்ணாடி மொத்தமாக வெள்ளையாகிவிடும். கூலிங் காயில் மேல் அதுவரை பிடித்து வைத்திருந்த தண்ணீர் இப்போது ஆவியாகி, ப்ளோயர் காற்றோடு வந்து கண்ணாடியில் படிகிறது. வளைவில் திரும்பும்போது இது நடந்தால் ஆபத்து. அதனால் ஓடும் வண்டியில் ஏசியை அணைப்பதாக இருந்தால், முதலில் காற்றைக் காலுக்குத் திருப்பிவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு அணையுங்கள்.

ஆவி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று விரலால் ஒரு கோடு போட்டுப் பார்ப்பதையும் மறக்கக் கூடாது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். வெப்பமும் ஈரமுமான இரவில் ஏசி காற்று நேராக முன் கண்ணாடியில் அடித்தால், கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் ஆவி படியும். அதை உள்பக்க ஆவி என்று நினைத்து ஏசியை இன்னும் கூட்டினால் இன்னும் மோசமாகும். வெளிப்பக்கம் என்றால் வைப்பரை ஒரு தடவை ஓட்டி, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, ஏசியின் குளிரைக் குறைத்தால் போதும். உங்கள் விஷயத்தில் துணியால் துடைத்தது உள்பக்கம் என்று தெளிவாக எழுதியிருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை.

சரி, இப்போது தரைக்கு வருவோம். மேட்டை எடுத்துவிட்டு கார்ப்பெட்டைக் கையால் தடவிப் பார்த்தால் காய்ந்ததுபோலவே இருக்கும், அதை நம்பாதீர்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் இருக்கிறது. மேல் துணி உலர்ந்தாலும் அது லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். டிஷ்யூ காகிதத்தை நாலாக மடித்துத் தரையில் வைத்து, அதன் மேல் குதிகாலை ஊன்றி உடல் எடை முழுவதையும் கொடுத்து பத்து வினாடி அழுத்துங்கள். முன்னால் இரண்டு இடம், பின்னால் இரண்டு இடம், அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, ஆக ஐந்து இடத்திலும் பார்க்க வேண்டும். டிக்கியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் ஒரு குளமே இருக்கும். உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியே போக அங்கே பொதுவாக வழி இருக்காது.

ஈரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அது என்ன தண்ணீர் என்று பார்க்க வேண்டும். காருக்குள் தண்ணீர் கொட்டிச் சிந்தாதபோது மூன்று வழிகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்: மழை, ஏசி, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்.

கூலன்ட்டைக் கண்டுபிடிப்பது எளிது, விட்டுவிட்டால் செலவு அதிகம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலில் கசிவு வந்தால் சூடான கூலன்ட் ஆவியாகிக் காற்றோடு வரும். கண்ணாடியில் படிவது வெறும் தண்ணீராக இருக்காது, துடைத்தால் எண்ணெய் தடவியதுபோல இழுபடும். ஹீட்டர் போட்டால் லேசான இனிப்பு வாடை வரும். டிஷ்யூவில் பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று ஏதாவது நிறம் தெரியலாம், தொட்டால் வழுக்கும். நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள், பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் தொட்டியில் அளவைக் குறித்து வைத்து ஒரு வாரம் கவனியுங்கள். இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவும் தெரியாவிட்டால், ஹீட்டர் காயிலைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

ஏசி தண்ணீர் நிறமில்லாமல் சுத்தமாக இருக்கும். மழையே பெய்யாத நாட்களிலும் தரை நனைந்தால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். கூலிங் காயிலில் சேரும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில் ஏசியைப் போட்டு வண்டியை நிறுத்தி வைத்துப் பதினைந்து, இருபது நிமிடம் கழித்துக் குனிந்து பாருங்கள். ஏசி நன்றாகக் குளிர்ந்தும் கீழே சொட்டுத் தண்ணீர் இல்லை என்றால் அந்தக் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். தூசி, இலைத்துணுக்கு, சில சமயம் பூச்சிக்கூடு. அடைத்த தண்ணீர் ஏசி பெட்டியில் நிரம்பி, வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் சலசலவென்று சத்தம் கேட்கும், அப்புறம் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் வழியும். குழாயின் முனையைக் கீழிருந்து கண்டுபிடித்து வளையக்கூடிய மெல்லிய நைலான் இழையை மெதுவாக உள்ளே விட்டாலே பல சமயம் ஒரு மடக்கில் தண்ணீர் கொட்டிவிடும். கூர்மையான இரும்புக் கம்பியை விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே கூலிங் காயில் அருகிலேயே இருக்கிறது.

மழைத் தண்ணீர்தான் ஆளைச் சுற்றவிடும். தேங்கும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். என்னிடம் வந்த ஒரு வண்டியில் பின் இருக்கைக்குக் கீழே எப்போதும் ஈரம். உரிமையாளர் கதவு பீடிங்கை, அதாவது ஓரத்து ரப்பர் பட்டையை, இரண்டு தடவை மாற்றியிருந்தார். புது பீடிங்கும் நன்றாகத்தான் இருந்தது. நான் பின் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினேன். உள்ளே கதவுத் தகடை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதன் கீழ் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பசை விட்டுப்போயிருந்தது. அந்த இடத்திலிருந்து ஆரம்பித்து டோர் பேடின் பின்பக்கம் முழுக்க, பென்சிலால் வரைந்ததுபோல, மெல்லிய மண் கோடுகள் கீழ்நோக்கி இறங்கியிருந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு மழை. முன்பு யாரோ ஸ்பீக்கர் மாட்டுவதற்காகத் தாளைப் பிரித்து, திரும்ப ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். கதவுக் கண்ணாடி வழியாக மழை கதவுக்குள் இறங்குவது இயல்பு, ஒவ்வொரு காரிலும் அப்படித்தான். கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக அது வெளியே போய்விட வேண்டும். இந்தத் தாள் பிரிந்தால் பீடிங்குக்கு உள்பக்கமாகவே தண்ணீர் வந்துவிடும், எத்தனை பீடிங் மாற்றினாலும் நிற்காது. கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் வந்தால், அடியில் உள்ள துளைகள் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். அதைக் குச்சியால் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

மழை வரும் மற்ற வழிகளில் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளம் முக்கியமானது. மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் அங்கே இலை மக்கி, தண்ணீர் இறங்கும் துளையை மூடிவிடும். நிரம்பிய தண்ணீர் ப்ளோயர் காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே வரும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் நனைந்த தடம் தெரியும். ஃபில்டர் தூசியால் அடைத்திருந்தாலும் காற்றோட்டம் குறைந்து கண்ணாடி தெளியத் தாமதமாகும், அதையும் அப்போதே மாற்றிவிடலாம். சன்ரூஃப் இருந்தால் அதன் சட்டத்து மூலைகளில் தண்ணீர் இறங்கும் குழாய்கள் உண்டு. மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் வண்டிக்கு அடியில் எங்காவது வர வேண்டும். வராவிட்டால் அடைப்பு. அடைப்பை எடுக்க ஏர் கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், காரின் கூரைத் தூணுக்குள் குழாய் கழன்றுகொண்டால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். டிக்கியில் தண்ணீர் என்றால் பின் விளக்குகளின் ரப்பர், டிக்கி கதவின் பீடிங், பம்பருக்குப் பின்னால் காற்று வெளியேற இருக்கும் மடிப்புக் கதவுகள், இந்த வரிசையில் பார்ப்பேன். அந்தக் காற்று வழியைச் சாமான் வைத்து அடைத்துவிட்டால், உள்ளே வந்த காற்று வெளியேற முடியாமல் ஆவி நிற்கவும் செய்யும்.

எதுவும் கண்ணுக்குப் படவில்லையா? ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், உள்பக்க மூடிகளான டிரிம்களைக் கூடியவரை கழற்றி வையுங்கள். இன்னொருவர் வெளியே தோட்டத்துக் குழாயைச் சின்ன ஓட்டத்தில் வைத்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிதானமாக விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்று தெரியாமல் போய்விடும். பிரஷர் வாஷர் வேண்டாம், நல்ல பீடிங் வழியாகவும் அது தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். பீடிங்கைச் சோதிக்க, ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்து வர வேண்டும். சும்மா வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் அழுத்தம் இல்லை. வழியைக் கண்டுபிடிக்கும் முன்பே சந்தேகப்பட்ட இடத்தில் எல்லாம் சிலிக்கோன் பூசாதீர்கள். தண்ணீர் வெளியேற வேண்டிய துளையையும் சேர்த்து அடைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கசிவை நிறுத்திய பிறகும் உள்ளே நிற்கும் தண்ணீரை எடுக்காவிட்டால் ஆவி நிற்காது, சரிசெய்தது வீண் என்று தோன்றும். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் ஏதாவது முட்டுக்கொடுத்து, தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரால் ஸ்பாஞ்சை அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். அப்புறம் ஃபேன் வைத்துக் கதவுகளைத் திறந்து விட்டால், வெயில் இருந்தால்கூட இரண்டு மூன்று நாள் ஆகும். ஸ்பாஞ்ச் ரொம்பவும் ஊறியிருந்தால் இருக்கையைக் கழற்றி கார்ப்பெட்டையே வெளியே எடுப்பதுதான் நல்லது. இங்கே மட்டும் கவனம் தேவை. இருக்கைக்கு அடியில் ஏர்பேக் ஒயர் இணைப்புகள் இருக்கும், பொதுவாக மஞ்சள் நிறத்தில். பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, அதன் பிறகே அவற்றைத் தொட வேண்டும். அவை கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பல கார்களில் கார்ப்பெட்டுக்கு அடியிலேயே ஒயர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஓடுகின்றன. ஈரத்தை மாதக்கணக்கில் விட்டால் முதலில் பூஞ்சை வாடை, பிறகு இணைப்புகளில் பச்சைப் பாசிபோலப் படியும் அரிப்பு, அப்புறம் காரணமே தெரியாமல் எரியும் எச்சரிக்கை விளக்குகள் என்று போகும். நான் உங்களை அவசரப்படுத்துவது இதனால்தான், கண்ணாடிக்காக இல்லை.

சிலிக்கா ஜெல் பொய் இல்லை, அளவுதான் போதாது. நல்ல ஈரமான காற்றில் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரைப் பிடிக்கும். அரை கிலோ பை என்றால் ஒரு டம்ளர் அளவுக்குக்கூட வராது, அதற்குப் பிறகு சூடாக்கி உலர்த்தினால்தான் மறுபடி வேலை செய்யும். ஸ்பாஞ்சில் ஐந்து லிட்டர் நிற்கும்போது அது என்ன செய்யும்? தரை உலர்ந்த பிறகு, நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு அது நல்ல துணை. கரிப் பைகள் வாடையை இழுக்கும், ஈரத்துக்கு அவற்றை நம்ப வேண்டாம். நீங்கள் கேட்ட ஸ்ப்ரேக்கள் ஆவியைத் தடுப்பதில்லை. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவச் செய்கின்றன, அதனால் பார்வை தெரிகிறது. சில நாளில் தேய்ந்துபோகும். கனமாகப் பூசினால் இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூசும். அதைவிட, கண்ணாடியின் உள்பக்கத்தை ஆல்கஹால் கலந்த கிளீனரால் நன்றாகத் துடைத்து, சுத்தமான உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடையுங்கள். பிளாஸ்டிக் பாகங்களிலிருந்தும் மூச்சிலிருந்தும் படியும் அழுக்குப் படலம் இருந்தால் ஆவி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் வண்டியைப் பார்க்காமல் எது காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உள்ளே தேங்கிய தண்ணீர் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மழைக்காலத்தில் ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால் மழைப் பக்கம் சாய்கிறேன், ஆனால் ஈரமான பருவத்தில் ஏசி தண்ணீரும் அதிகமாகச் சேரும் என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. இனிப்பு வாடையோ வழுக்கலோ நீங்கள் குறிப்பிடவில்லை, ஆகவே கூலன்ட்டைக் கடைசியில் வைக்கிறேன். நாளைக் காலை கண்ணாடியைத் துடைப்பதற்கு முன்னால் அந்த டிஷ்யூ சோதனையைச் செய்து, ஐந்து இடத்தில் எது நனைந்தது, என்ன நிறம், ஏசி போட்டால் வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா, கடைசியாக டோர் பேடை யாராவது கழற்றினார்களா என்று இங்கேயே எழுதுங்கள். அந்த நாலு விவரம் கிடைத்தால் எந்த இடத்தை முதலில் பிரிப்பது என்று சொல்கிறேன்.